ஏற்காட்டு மலைக்கு மின்சார வண்டி ஏறுமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் தருபவர் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மேட்டூர், ஏற்காடு, சேலம் டவுன் என்று 34 ஆண்டுகள் பணியாற்றியவர்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்சார வண்டி, சோலார், மேட்டூர் தெர்மல் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். எல்லாக் கடிதங்களையும் படித்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். வாரம் இரண்டு முறை சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆசை. கடையில் 'நூறு கிலோமீட்டர் ஓடும்' என்கிறார்கள். மனைவியையும் வைத்துக்கொண்டு மலை ஏறுமா?
– ஏற்காடு வாசகர்

ஏறும். ஆனால் கடையில் சொல்கிற நூறு கிலோமீட்டர் சமதளத்துக்கான கணக்கு. மலைக்கு வேறு கணக்கு போட வேண்டும். அது தெரியாமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி வாங்கிய புதிதில், அழகாபுரத்திலிருந்து நானும் என் வீட்டம்மாவும் கிளம்பினோம். பேட்டரியில் 55 சதவீதம். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று வண்டியே காட்டியது. ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தானே என்று நம்பி ஏறினேன். பத்தாவது கொண்டை ஊசி வளைவில் பேட்டரி அளவு மளமளவென்று இறங்குவதைக் கண்டேன். பதினெட்டாவது வளைவில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி அவரை ஏற்றிவிட்டு, நான் மட்டும் நடை வேகத்தில் ஒண்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு டீக்கடைக்காரர் பிளக் போட இடம் கொடுத்தார். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 110 கிலோ, நாங்கள் இருவரும் 130 கிலோ, ஆக 240 கிலோ. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே தூக்க வேண்டும். 240 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 0.8 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் சூடாகப் போவதைச் சேர்த்தால் ஒரு யூனிட். டயர் உரசலும் காற்றுத் தடையும் இன்னொரு 0.3. ஆக, மலைக்கு மட்டும் 1.3 யூனிட். என் பேட்டரி மொத்தமே 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது 40 சதவீதத்துக்கு மேல் இந்த 20 வளைவுகளே தின்றுவிடும். ஊருக்குள் ஓட்டியதற்கு மேல் மிச்சம் எங்கே இருக்கும்?

உங்களுக்கு ஏற்காட்டிலிருந்து நாகலூர் வரை இன்னும் தூரம் இருக்கிறது. எனவே அடிவாரத்தில் நிற்கும்போது 65 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 3 யூனிட்டுக்கு மேல் உள்ள வண்டியாகப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் மலைக்காரருக்கு அது அவசியம்.

இறங்கும்போது நல்ல செய்தி உண்டு. மோட்டாரே ஜெனரேட்டராகச் சுழன்று பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பி அனுப்பும். எனக்கு இறக்கத்தில் 4, 5 சதவீதம் ஏறுகிறது. அதைவிடப் பெரிய பலன், வண்டியை அதுவே இழுத்துப் பிடிப்பதால் பிரேக் சூடாவது குறையும். ஆனால் மேலே வீட்டில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி வாங்கிக்கொள்ள இடமில்லை என்றால் மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். 90 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் கோடை மழை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை லைன் மேல் விழும். நான் ஏற்காடு பிரிவில் இருந்தபோது விடிய விடிய டார்ச் அடித்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக லைன் பார்த்திருக்கிறோம். அந்த மாதங்களில் பேட்டரியைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். கரண்ட் எப்போது வரும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அம்மாப்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். வீட்டுக்காரம்மா 'கரண்ட் பில் ஏறும், இங்கே சார்ஜ் போடாதே' என்கிறார். ஜன்னல் வழியாக ஒயர் விட்டுப் போடலாமா?
– அம்மாப்பேட்டை வாசகி

ஒயர் மட்டும் விடாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கம்பியில் உரசி, மழையில் நனைந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் ஓடினால் எங்கேயாவது உருகும். சார்ஜருக்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், சரியான எர்த் இரண்டும் கட்டாயம். நம் ஊர் பாறை நிலம். மண் காய்ந்துவிட்டால் எர்த் சரியாகப் பிடிக்காது. வயரிங் ஆளை வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டணத்தில் கணக்கே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் குறையும். 480 யூனிட்டில் இருக்கிற வீட்டில் உங்கள் மகளின் வண்டி 40 யூனிட் இழுத்தால், பில்லைப் பார்த்து அவர் கோபப்படத்தான் செய்வார்.

ஆனால் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். சாதாரண ஸ்கூட்டர் முழுதாக நிரம்ப 3.5 யூனிட் ஆகும். 90 கிலோமீட்டர் ஓடும். மகள் வேலைக்குப் போய்வர மாதம் 500 கிலோமீட்டர் என்றால் 20 யூனிட். பிளக் பாயிண்டுக்கு முன்னால் ஒரு சப்-மீட்டர் மாட்டிவிடுங்கள். மாதம் பிறந்தால் மீட்டரைப் பார்த்து, அவர் கட்டுகிற மேல் விலையிலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 200 ரூபாய். பெட்ரோலாக இருந்தால் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். எனக்குத் தெரிந்து மூன்று வீடுகளில் இப்படித்தான் சண்டை தீர்ந்தது.

வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் போட அனுமதி உண்டு என்று மத்திய மின்துறை 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சார்ஜிங் நிலையம் நடத்தவும் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2019-ல் மின்வாகனக் கொள்கை கொண்டுவந்து, 2023 பிப்ரவரியில் அதைத் திருத்தியது. 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்று அதில் இலக்கு வைத்தார்கள். மின்போக்குவரத்துக்கு முன்னோடியாக ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நம் சேலம்.

தொழிற்சாலைகள் வந்துவிட்டன, அதை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. ஆனால் கொள்கை தொழிற்சாலையிலும் ஷோரூமிலும் நின்றுவிட்டால் போதாது, உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் வரை வர வேண்டும். சொந்த வீடும் போர்டிகோவும் உள்ளவருக்கு மானியமும் வரிவிலக்கும் சுலபமாகப் போய்ச் சேரும். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை சந்துகளில் வாடகைக்கு இருப்பவர்தான் பெட்ரோல் செலவில் அதிகம் கஷ்டப்படுகிறவர். அவருக்கு வண்டி நிறுத்தவே இடமில்லை. சூரமங்கலம் உழவர் சந்தை, பஸ் நிலையம், மாநகராட்சிப் பள்ளி மதிற்சுவர் ஓரம் என்று எங்கெங்கே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றனவோ, அங்கெல்லாம் சாதாரண 16 ஆம்பியர் பாயிண்டை மீட்டரோடு வைத்தால் போதும். லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் வேகச் சார்ஜர் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. இதை மாநகராட்சிக்கு மனுவாக எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.

கேள்வி: மின்சார வண்டி தீப்பிடிக்கிறதாமே?
– தாரமங்கலம் வாசகர்

2022 கோடையில் அப்படிச் சில சம்பவங்கள் நடந்தது உண்மை. அதன் பிறகு பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. பழைய வண்டியை மறுவிலைக்கு வாங்குவதாக இருந்தால், அது எப்போது தயாரானது என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். மாடிப்படிக்குக் கீழே, ஏறி இறங்குகிற ஒரே வழியில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள்.

கேள்வி: கரி எரித்துத்தானே மேட்டூரில் மின்சாரம் எடுக்கிறார்கள்? பெட்ரோல் புகையைச் சேலத்திலிருந்து மேட்டூருக்கு மாற்றுவதுதானே இந்தக் கொள்கை?
– ஓமலூர் கல்லூரி மாணவர்

நல்ல கேள்வி தம்பி. மேட்டூரில் ஆறு வருடம் இருந்தவன் என்பதால் இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி மேட்டூருக்குக் கரி வருகிறது. 210 மெகாவாட் உற்பத்தி யூனிட்டுகள் நான்கு, 1987-லிருந்து 1990-க்குள் ஓட ஆரம்பித்தவை. 600 மெகாவாட் யூனிட் ஒன்று 2013-ல் வந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரி எரிகிறது. சாம்பல் பறந்து துணி காயப்போட முடியாமல் அந்த ஊர்ப் பெண்கள் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்கூட்டர் 90 கிலோமீட்டர் ஓட 3.5 யூனிட். அந்த 3.5 யூனிட்டும் முழுக்க முழுக்கக் கரியிலிருந்தே வந்தது என்று வைத்தாலும், கரியமில வாயு 3.3 கிலோ அளவில் வெளியேறும். அதே 90 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி இரண்டு லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 2.3 கிலோ என்றால் 4.6 கிலோ. ஆக, மோசமான நிலையிலும் மின்சார வண்டி குறைவாகவே வெளிவிடுகிறது. காரணம், பெட்ரோல் இன்ஜினில் முக்கால் பங்கு சூடாகவே வீணாகிறது. மோட்டாரில் வீணாவது சொற்பம்.

ஆனால் நம் மின்சாரம் முழுக்கக் கரி இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய சக்தியும் தலா 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டிவிட்டன. பெட்ரோல் வண்டி வயதாக ஆகப் புகை கூடும். மின்சார வண்டியை நீ மாற்றாமலே, காற்றாலையும் சோலாரும் கூடக் கூட அது தானாகச் சுத்தமாகிக்கொண்டே வரும். ஐந்து ரோடு சிக்னலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளோடு நிற்கும்போது அவர்கள் மூக்குக்கு நேராக வருகிற புகையும் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, உன்னைப் போல் படிக்கிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். சூரிய மின்சாரம் நடுப்பகலில் குவிகிறது. காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் அடிக்கும்போது கொட்டுகிறது. ஆனால் நாம் எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குச் சார்ஜ் போடுகிறோம். அந்த நேரத்தில் சூரியன் இல்லை. விளக்கு, டிவி, மிக்ஸி எல்லாம் ஓடுகிற நேரம். அப்போது நம் வண்டிக்கு வருவது பெரும்பாலும் மேட்டூர் கரிதான். அதே வண்டியை மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்திலோ கல்லூரியிலோ சார்ஜ் போட்டால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம்.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வண்டிகள் லட்சக்கணக்கில் பெருகி, எல்லாரும் ஏழு மணிக்குப் பிளக் செருகினால் தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. ஒரு சந்தில் முப்பது வீடு, எல்லா வீட்டிலும் ஏ.சி.யும் ஸ்கூட்டரும் என்றால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். போஸ்ட் ஏறுகிறவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

பகலில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்ட வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜூனில் விதியைத் திருத்தியது. நேரம் வாரியாக அளக்கிற ஸ்மார்ட் மீட்டர் வீடுகளுக்கு வந்தால்தான் அது நமக்குப் பலன் தரும். பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. நம்மிடம் அது புதிதும் இல்லை. காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1987-லிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். கல்லூரி முடித்தபின் எந்தத் துறைக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற துறையைப் பார் தம்பி. அதற்கு ஆள் வேண்டும்.

கேள்வி: இளம்பிள்ளையில் சொந்த வீடு, இரண்டு தறி. மொட்டை மாடியில் சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராது என்று ஒருவர் வந்து சொல்கிறார். போடலாமா?
– இளம்பிள்ளை வாசகி

அவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஒரு வருடத்து பில்லை எடுத்துப் பாருங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் உண்டு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிறது என்றால், சோலார் போட்ட காசு திரும்பி வர வெகுகாலம் ஆகும். அவசரப்பட வேண்டாம். 500-க்கு மேல் ஓடுகிற வீடு என்றால் யோசிக்காமல் போடலாம்.

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் வெயிலுக்கு நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க மாடியில் நின்று பார்த்துவிட்டு இடத்தைச் சொல்லுங்கள். ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி பாதிக்கும்.

இன்னொன்று, விற்க வருகிறவர்கள் பலர் சொல்லாத விஷயம். பேட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் நிற்கும். அது குறை இல்லை அம்மா, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைனை ஆஃப் பண்ணிவிட்டு ஒருவன் போஸ்ட்டில் ஏறி வேலை செய்யும்போது, உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் வந்தால் அவன் உயிர் போய்விடும். ஜெனரேட்டரைச் சரியாகப் பிரிக்காமல் ஓட்டிய ஒரு கட்டடத்திலிருந்து இப்படித் திரும்பி வந்த கரண்டால் என்னோடு ஹெல்பராகச் சேர்ந்த ஒருவனை இழந்தோம். அவனுக்கு அப்போது கல்யாணமாகி நான்கு மாதம். அதனால் இந்தப் பாதுகாப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் மின்சார பஸ் ஓடுகிறது. மலைப் பாதையில் மின்சார பஸ்ஸெல்லாம் சாத்தியமா? ஏற்காட்டுக்கு எப்போது வரும்?
– கன்னங்குறிச்சி வாசகர்

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 பஸ்களோடு தொடங்கியது. மலைக்கு முடியுமா என்று சந்தேகமே வேண்டாம். இமாச்சலத்தில் மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு 2017-லேயே மின்சார பஸ் விட்டார்கள். ஏற்காட்டைப் போல இரண்டரை மடங்கு உயரம் அது, பனியும் உண்டு.

ஏற்காட்டு ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏறும்போது டீசல் பஸ் முதல் கியரில் முக்கி விடுகிற கரும்புகை, பின்னால் பைக்கில் வருகிறவரின் முகத்தில் அடிக்கிறது. காபித் தோட்டத்து இலைகளிலும் படிகிறது. இறங்கும்போது 15 டன் பஸ் திருப்பித் தருகிற மின்சாரம் ஸ்கூட்டர் தருவதைப் போல சொற்பமாக இருக்காது. தூரம் முப்பது கிலோமீட்டர்தான். மேலே ஒரு சார்ஜர், கீழே ஒரு சார்ஜர் இருந்தால் நாள் முழுக்க ஓட்டலாம். முன்னோடி நகரம் என்று சேலத்தின் பெயரை எழுதியவர்கள் முதலில் இந்த வழித்தடத்தை எடுக்க வேண்டும். எப்போது வரும் என்ற கேள்வியை எம்.எல்.ஏ.விடமும் போக்குவரத்துக் கழகக் கோட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: பதினேழு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். கேஸ் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மின்சார ஆட்டோ எடுக்கலாமா? பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது?
– செவ்வாய்ப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர்

நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் எடுக்கலாம். ஓடுகிற தூரம் கூடக் கூடத்தான் மின்சார வண்டியில் மிச்சம். அறுபது கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால், இருக்கிற வண்டிக்குக் கடன் முடியும் வரை பொறுங்கள்.

பேட்டரியில் இயங்கும் வாடகை வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். தமிழகக் கொள்கையில் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் முடிய என்று இருந்தது. மத்திய மானியமும் வருடா வருடம் குறைந்து வந்தது. அதனால் இரண்டுமே நீங்கள் வாங்குகிற தேதியில் என்ன நிலை என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

பேட்டரிக்கு எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் வாரண்டி என்பதை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதில் பாருங்கள். மலிவாக இருக்கிறது என்று ஈய பேட்டரி வண்டிக்குப் போகாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கிற நான்கைந்து பேர் ஒருநாள் சேர்ந்து பேசுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உங்களுக்குச் சவாரி குறைவு, அந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரம் நிறைய. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரரோடு பேசி, தனி மீட்டரோடு இரண்டு பாயிண்ட் வாங்கிவிட்டால் சாப்பிட்டு எழுவதற்குள் சாயங்காலம் வரைக்கும் தேவையானது ஏறிவிடும். முதலில் பாயிண்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகு ஷோரூமுக்குப் போகலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மேட்டூர் தெர்மலில் கரி கன்வேயரில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பன்னிரண்டு வருடமாகிறது. கரியை நிறுத்தப் போகிறார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் கதி என்ன?
– மேட்டூர் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. எல்லாரும் வண்டியைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் ஒருவர்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள்.

நாளைக்கே நின்றுவிடாது. மாலை நேரத் தேவைக்கு இன்னும் கரியைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் முதல் நான்கு யூனிட்டுகளுக்கும் 35 வயதாகிவிட்டது. 2030-க்குள் மின்சாரத்தில் பாதியைப் பசுமை வழியில் எடுப்பது அரசின் இலக்கு. 2024-ல் வாரியத்தைப் பிரித்து, பசுமை மின்சாரத்துக்கென்றே தனிக் கழகம் அமைத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. பத்து வருடத்துக்குப் பிறகும் கன்வேயர் இப்படியே ஓடும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றுவார்கள். காண்ட்ராக்ட் ஆளின் பெயர் வாரியப் பதிவேட்டிலேயே இருக்காது. மின்சாரக் கொள்கை எழுதுகிறவர்கள் மெகாவாட்டையும் முதலீட்டையும் எழுதும்போது, இந்தத் தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியலையும் எடுத்து, மாற்று வேலைக்கான பயிற்சியும் பயிற்சிக் காலச் சம்பளமும் எழுத வேண்டும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மேட்டூரில் துணைமின் நிலையமும் உயர்மின் அழுத்த லைன்களும் ஏற்கனவே இருக்கின்றன. கரி யூனிட் நிற்கிற இடத்திலேயே பெரிய பேட்டரிக் கிடங்கு வைத்தால் புதிதாக லைன் இழுக்க வேண்டியதில்லை. அந்த வேலை மேட்டூர்க்காரருக்கே கிடைக்கும்.

அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மோட்டார், கேபிள், பேனல் பக்கம் கை வைத்து வேலை செய்திருந்தால், மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதட்டும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள், வயது உச்சவரம்பு இல்லை. சோலார் மாட்டுகிறவர்கள், சார்ஜிங் பாயிண்ட் வைக்கிறவர்கள் எல்லாரும் இப்போது இந்தச் சான்றிதழ் உள்ள ஆளைத்தான் தேடுகிறார்கள். அனுபவச் சான்றிதழைக் காண்ட்ராக்டரிடம் இந்த மாதமே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் மாறிவிட்டால் பழையவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்பதை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்தால் சொல்வார்கள். படிக்க வேண்டிய பாடக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகை அலுவலகத்துக்கு உங்கள் முகவரியை எழுதி அனுப்புங்கள், நகல் எடுத்துத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.